நாலு விரல் நீளம்

என் இடக்கை ஆள்காட்டி விரலில் நுனிக் கணு இல்லை. நகம் முளைக்கும் இடம் வரைதான் விரல். செனவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதைக் கவனித்துவிடுவார்கள். நான் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவன் என்பதால், ஏதோ ஒரு மெஷின் கடித்துவிட்டது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். நானும் பல வருடம் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

அது பொய். அந்தக் கணுவை எடுத்தது ஒரு காற்றுத் துப்பாக்கி. துல்லியமாகச் சொன்னால், அந்தத் துப்பாக்கிக்கு என் அப்பா தன் கையால் செய்து போட்ட லீவர். அப்பா இருந்தவரை இதை வெளியில் சொல்ல மனம் வரவில்லை. இப்போது அவர் இல்லை. சொன்னால் யாருக்காவது பயன்படும் என்று தோன்றுகிறது.

பகாவைச் சுற்றி அப்போது எந்தப் பக்கம் போனாலும் தோட்டம்தான். கெடிஸ், ஜெராம் பாடாங், செயிண்ட் ஹெலியர், கெல்பின், ஆயர் ஹீத்தாம் என்று பெயர் அடுக்கிக்கொண்டே போகலாம். அப்படிப்பட்ட தோட்டங்களில் ஒன்றில் என் அப்பா பிட்டர். அம்மா பால்மரம் வெட்டினார். பால் ஸ்டோரில் ரப்பர் தகடு இழுக்கும் ரோலர், தண்ணீர்ப் பம்பு, லோரி, மண்டோரின் மோட்டார் சைக்கிள், கோயில் ஒலிபெருக்கி, எது நின்றாலும் ஆள் அப்பாவைத் தேடித்தான் வரும். அவர் பெயரே பலருக்குத் தெரியாது. பிட்டர்தான்.

தோட்டத்தில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் துரை பெயரில். எடுத்துப் பயன்படுத்த பெரிய கிராணிக்குப் பெர்மிட் இருந்தது. ஸ்டோரில் எலி, பங்களாவைச் சுற்றியிருந்த ரம்புத்தான் மரங்களில் அணில், இவைதான் அதன் எதிரிகள். காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் என்று நினைக்கக் கூடாது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதுவும் ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு. ஆயுதம் பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டும். அவசரகாலத்தில் தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டதைப் பார்த்து வளர்ந்த அப்பா தலைமுறைக்கு, துப்பாக்கி என்றாலே குரல் தானாகத் தணியும்.

அந்தத் துப்பாக்கிக்குக் குழலுக்கு அடியில் நீளமாக ஒரு லீவர். அதைக் கீழே இறக்கிப் பின்னால் இழுத்தால் உள்ளே பெரிய ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கிய ஸ்பிரிங்கை ஒரு சின்னக் கொக்கி பிடித்துக்கொள்ளும். குண்டு போட்டு, லீவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, விசையை அழுத்தினால் கொக்கி விடும். ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அமுக்கும், காற்று குண்டைத் தள்ளும். மருந்து இல்லை, நெருப்பு இல்லை. ஆனால் முழுதாக அமுங்கிய அந்த ஸ்பிரிங்குக்குள் ஒரு ஆளின் எடை அளவுக்கு விசை அடைந்து கிடக்கிறது.

ஒருமுறை ஆபீஸ் முன்னால் பையன்கள் நாங்கள் நாலைந்து பேர் நச்சரித்தபோது, கிராணி ஐயா குண்டில்லாமல் துப்பாக்கியைக் கொடுத்து, "எங்க, இழுங்கடா பாப்போம்" என்றார். நான் வயிற்றில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்தேன். லீவர் பாதி வரை வந்தது. அதற்கு மேல் அசையவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். "இன்னும் ரெண்டு வருசம் சோறு சாப்பிட்டு வா" என்றார் கிராணி ஐயா. எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கடினம்தான் எனக்குக் காவல் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

1983. நான் பாரம் ஒன்று. ஆகஸ்டு பள்ளி விடுமுறை. ரம்புத்தான் சிவக்கும் நேரத்தில் அந்த லீவர், அச்சாணி போகும் துளையோடு விரிந்து உடைந்துபோனது. கிராணி ஐயாவே துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அவருக்கு வலத் தோளில் வலி. கையைத் தூக்கிச் சட்டை போடவே சிரமப்படுவார்.

"பிட்டர், புதுசு வாங்கணும்னா சிரம்பான் கடைக்கு எழுதி, அவன் வெளிநாட்டுக்கு எழுதி, அணில் எல்லாத்தையும் தின்னு முடிச்சிரும். நீயே ஒண்ணு செஞ்சி போடு. அப்படியே நாலு விரல் நீளமாப் போட்டுரு. இந்தத் தோளை வச்சிக்கிட்டு இழுக்க முடியல."

அப்பா தயங்கினார். "ஐயா, இது துப்பாக்கி சாமான். துரைக்குத் தெரிஞ்சா?"

"துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அப்பாவின் தயக்கத்தைப் போக்கியது கிராணியின் வார்த்தை மட்டுமில்லை, அவருடைய சைக்கிளும்தான். அவர் ஓட்டியது பழைய பி.எஸ்.ஏ. முன்பக்கச் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1861-இல் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடித் தொடங்கிய கம்பெனி அது. பிறகு சைக்கிள் செய்தார்கள், மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 1905-இலிருந்து அடியில் லீவர் வைத்த காற்றுத் துப்பாக்கியும் செய்தார்கள். முன்பு இருந்த வெள்ளைக்காரத் துரையிடம் அந்த வகைத் துப்பாக்கி ஒன்று இருந்ததாம். அதைக் கழற்றி எண்ணெய் போட்ட அனுபவம் அப்பாவுக்கு உண்டு. "சைக்கிள் செஞ்சவன்தான் துப்பாக்கியும் செஞ்சான். ரெண்டும் இரும்புதானே" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

இரண்டும் இரும்புதான். ஆனால் இரண்டு துப்பாக்கியும் ஒன்றில்லை. இது பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அந்தப் பழைய பி.எஸ்.ஏ. வகையில் காற்றறை நகராது. மேலே ஒரு சின்னத் திருகுக் குழாய் இருக்கும். அதன் துளையில் குண்டைப் போட்டுத் திருப்பிவிட வேண்டும். கொக்கி வழுக்கினாலும் லீவர் பாயுமே தவிர, விரல் நசுங்கும் இடம் அங்கே இல்லை. கிராணியின் துப்பாக்கி வேறு ஜாதி. லீவரை இழுக்கும்போது காற்றறையே பின்னால் நகர்ந்து, குழலுக்கு முன்னால் ஒரு வாய் திறக்கும். அந்த வாய்க்குள் விரலை விட்டுத்தான் குண்டை வைக்க வேண்டும். விரல் உள்ளே இருக்கும்போது கொக்கி வழுக்கினால், காற்றறை முழு வேகத்தில் மூடிக்கொள்ளும். நல்ல துப்பாக்கிகளில் அதைத் தடுக்க ரம்பப் பல் மாதிரி இன்னொரு பிடி இருக்கும். இதில் அது கிடையாது. ஆகவே விதி ஒன்றே ஒன்று: குண்டு வைத்து விரலை வெளியே எடுக்கும் வரை மறுகை லீவரை விடக் கூடாது.

அப்பா லோரியின் ஒடிந்த ஸ்பிரிங் பட்டையை எடுத்தார். நெருப்பில் செந்நிறம் வரும்வரை காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஓர் இரவு ஆறவிட்டார். அப்படி ஆறினால் இரும்பு இளகும். மறுநாள் ஹேக்சாவால் அறுத்து, அரத்தால் ராவி, உடைந்த லீவரை மேலே வைத்துக் கோடு கிழித்து, துளை போட்டார். நான் பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றினேன். துளை போடும்போது டிரில் ஊசி ஒருமுறை நழுவியது. பட்டையில் அந்த இடம் மட்டும் சரியாக இளகவில்லை. அப்பா "சை" என்றார். அளந்து பார்த்தார். அச்சாணி நுழைந்தது. லீவர் ஆடியது. போதும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்தது. லீவர் கருப்பு எண்ணெயில் பளபளத்தது. அப்பா இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கொக்கி விழும் 'டிக்' சத்தம் கேட்டது. "பழசைவிட நல்லா வந்திருக்கு" என்றார். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, "கிராணி ஐயாவைக் கூட்டிட்டு வர்றேன், தொடாத" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார். குண்டு டப்பா பக்கத்திலேயே இருந்தது.

பதின்மூன்று வயதுப் பையனிடம் 'தொடாத' என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

துப்பாக்கியை எடுத்தேன். லீவரை இறக்கி, கட்டையை வயிற்றில் வைத்து இழுத்தேன். வந்தது! பாதியில் நிற்கவில்லை. கடைசி வரை வந்து 'டிக்' என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடம் சோறு சாப்பிட வேண்டிய அவசியமில்லை, நான் ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். வலக்கையால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, லீவரைத் தொங்கவிட்டு, இடக்கையால் ஒரு குண்டை எடுத்து அந்த வாயில் வைத்து ஆள்காட்டி விரலால் அழுத்தினேன்.

சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. லோரிக் கதவை அறைந்து சாத்தியது மாதிரி ஒரு சத்தம். வலி உடனே வரவில்லை. விரலை எடுக்க முடியாமல்தான் கீழே பார்த்தேன்.

குவாலா பிலா ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து லோரியில் கொண்டுபோனார்கள். ஜுவாசே தாண்டும்வரை அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசினார். அப்பாவைத் திட்டினார், என்னைத் திட்டினார், கிராணியைத் திட்டினார், மாரியம்மனையும் திட்டினார்.

மூன்றாம் நாள் நான் வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு அப்பா பட்டறையிலிருந்து லீவர்கள் இரண்டையும் கொண்டுவந்தார். உடைந்தது ஒன்று, தான் செய்தது ஒன்று. கையில் வெர்னியர். மண்ணெண்ணெய் விளக்கை அருகில் இழுத்து என் முன்னாலேயே அளந்தார். அச்சாணித் துளைக்கும் அடுத்த இணைப்புத் துளைக்கும் உள்ள தூரத்தை ஒன்றில் அளந்தார், பிறகு மற்றதில். மறுபடியும் முதலிலிருந்து.

"ஒன்றரை மில்லிமீட்டர்" என்றார். "நான் போட்ட ஓட்டை ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். லீவரில் அந்தச் சின்னக் குறைவு, உள்ளே பிஸ்டன் போகும் தூரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டராகும். பழைய லீவரில் 'டிக்' கேட்ட பிறகும் கொஞ்சம் இழுக்க இடம் இருக்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் கொக்கி ஆழமாக உட்காரும். புது லீவர் 'டிக்' கேட்ட அதே இடத்தில் முட்டி நின்றுவிட்டது. கொக்கி நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. குண்டை அழுத்திய சின்ன அதிர்ச்சியே போதுமாக இருந்தது.

"நான் ரெண்டு வாட்டி இழுத்தப்பவே அது கைக்குத் தெரிஞ்சது. சரியாயிரும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "நீ தொட்டது தப்பு. ஆனா இது உன் தப்பு இல்ல" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

மறுநாள் அவரே துரையிடம் போனார். கிராணி ஐயா முன்கூட்டியே, பையன் விளையாட்டுத்தனமாக எடுத்துவிட்டான் என்று மட்டும் சொல்லி முடிக்கப் பார்த்தாராம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தான் செய்த லீவர், தான் போட்ட துளை, தான் மேசைமேல் விட்டுப்போன துப்பாக்கி என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். வேலை போகும் என்றுதான் அம்மா பயந்தார். வேலை போனால் லயத்து வீடும் போகும். அதுதான் அன்றைய தோட்டத்து வாழ்க்கை. துரை கத்தினார், வேலையை எடுக்கவில்லை. துப்பாக்கியைத் தானே போலீசில் கொண்டுபோய் ஒப்படைத்தார். அப்பாவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். எச்சரித்து அனுப்பினார்கள். கிராணி ஐயா ஒரு தகர டப்பா பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, என் கையைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போனார். அந்தத் தோளோடு இன்னும் பல வருடம் கணக்கு எழுதினார். நல்ல மனிதர்.

நான் படித்து, சிரம்பானில் டிப்ளோமா முடித்து, செனவாங்கில் உலோகத் தகடு அச்சடிக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அதற்குள் பகாவின் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நாங்கள் இருந்த லயம் இருந்த இடத்தைக்கூட இப்போது அடையாளம் காட்ட முடியாது. அப்பாவும் அம்மாவும் பகாவ் டவுன் பக்கத்தில் ஒரு தாமானில் குடியேறினார்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த லீவரை நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். லீவர் முப்பது சென்டிமீட்டர், இழுக்க 15 கிலோ பலம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு விரல், அதாவது ஏழு சென்டிமீட்டர் கூட்டினால் 12 கிலோ போதும். மூன்று கிலோ வித்தியாசம். ஒரு சின்னப் பை அரிசி. அவ்வளவுதான், ஒரு பையனால் முடியாததற்கும் முடிந்ததற்கும் நடுவில் இருந்தது.

ஒன்றரை மில்லிமீட்டரைப் பற்றி அப்பா கடைசிவரை வருத்தப்பட்டார். எனக்கு அதைவிட அந்த நாலு விரல்தான் பெரிதாகப்படுகிறது. துளை சரியாக விழுந்திருந்தாலும், வேறொரு நாள், வேறொரு பையன் இழுத்திருப்பான். தோள்வலிக்காரருக்குச் சுலபமாக்கியது, தொடக் கூடாதவனுக்கும் சுலபமாகிவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை. கிராணி ஐயா தன் தோளை நினைத்தார். அப்பா கிராணி ஐயாவை நினைத்தார்.

என் வேலையில் தினமும் இதைத்தான் பார்க்கிறேன். மெஷினில் ஒரு தடுப்புக் கதவு இருக்கும். திறந்து மூட நேரமாகிறது என்று ஒருவர் அதைக் கழற்றி வைப்பார். கெட்ட எண்ணம் கிடையாது. வேலை சுலபமாகும், அவ்வளவே. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசலாம், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்கிறேன்: இதை யாருக்காகச் சுலபமாக்குகிறாய், அவரைத் தவிர வேறு யாருக்கு இது சுலபமாகும்? வீட்டில் மருந்து டப்பா மூடியைத் திறந்தே வைக்கிறவர்களுக்கும், கைப்பேசியின் ரகசிய எண்ணை எடுத்துவிடுகிறவர்களுக்கும் அதே கேள்விதான்.

எங்கள் தொழிற்சாலையில் வருடம் ஒருமுறை குடும்ப நாள் உண்டு. ஒரு வருடம் அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார், ஆனால் மெஷின் என்றால் கால் தானாக நடக்கும். அச்சு இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டார். அதை இயக்க இரண்டு பொத்தான்கள். இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலச்சு இறங்கும். அதாவது, அச்சு இறங்கும்போது இரண்டு கையும் பொத்தான்மேல்தான் இருக்கும், நடுவில் இருக்காது.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வச்சிட்டா? ஒரு கை மிச்சமாகுமே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லா பிட்டரும் கேட்கும் கேள்வி அது. "ஒட்டிப் பாருங்க" என்றேன். மேலாளரிடம் அனுமதி வாங்கி, வெறும் அச்சில், ஒரு பொத்தானை ஒட்டுப் பட்டையால் அழுத்தி வைத்தேன். அப்பா மற்றதை அழுத்தினார். மெஷின் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அசையவில்லை. இரண்டையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் அது ஏற்கும், ஒன்று முன்னாடியே அமுங்கியிருந்தால் ஏற்காது என்று விளக்கினேன். ஒவ்வொரு முறையும் இரண்டையும் விட்டுவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும் என்றும் சொன்னேன்.

பட்டையைப் பிரித்து எடுத்தார். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு பொத்தான்மேல் வைத்து ஒன்றாக அழுத்தினார். மேலச்சு இறங்கி ஏறியது. மறுபடி ஒருமுறை அழுத்தினார். கையை எடுக்காமல், அச்சு ஏறி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத உண்டாக்குனவன் வீட்லயும் ஒரு பையன் இருந்திருப்பான்" என்றார்.

பிறகு பசிக்கிறது, சாப்பாடு எங்கே போடுகிறார்கள் என்று கேட்டார்.